கடலுக்கு ஒரு பொழுது, வீட்டுக்கு ஒரு பொழுது

உத்தியோகம் பார்ப்பவர்க்கு நீங்காத மனக்குறை ஒன்று உண்டு. வாரநாட்களைக் கந்தோர் எடுத்துக்கொள்கிறது. எஞ்சிய விடுதலை நாளிலோ வீட்டுக் கருமங்கள் வரிசையாகக் காத்து நிற்கின்றன. தூண்டிலோடு கடற்கரைக்குப் போகவும், துப்பாக்கியோடு காடு புகவும் பொழுது எங்கே என்பதே அக்குறை. ஞாயிற்றுக்கிழமை தூண்டிலும் கையுமாகப் புறப்படும் தகப்பனாரைக் கண்டு வீட்டிலுள்ளோர் முகஞ்சுளிப்பதும் புதிதன்று. இவ்வழக்கில் இரு பக்கத்தும் நியாயம் இருக்கிறது.

வேட்டையைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டில் அதற்கேற்ற பெருங்காடு இல்லை. வன்னியில் காடு உண்டு. ஆயினும் 1937 ஆம் ஆண்டின் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் அங்கே வேட்டைக்கு எல்லை வகுத்திருக்கிறது. ஆகவே நமக்கு எஞ்சுவது கடலே. தூண்டிற்காரரின் வேதநூல் போல ஆங்கிலேயர் போற்றும் நூலை 1653 இல் வெளியிட்ட ஐசாக் வால்டன், இலண்டனில் வணிகம் செய்து சீவித்தவர். தொழிலுடையவன் தூண்டில் பிடிப்பது எந்த நாட்டுக்கும் புதிய சங்கதியன்று.

பொழுதைப் பங்கிடும் வித்தையை வல்வெட்டித்துறையிலே கற்கலாம். பாய்க்கப்பல் ஓடிய காலத்தில் இவ்வூர் ஆடவர் இந்தியக் கரைகளுக்கும் பர்மாவுக்கும் சென்று, மாதக்கணக்கில் வீட்டைப் பிரிந்திருந்தனர். இங்கே கட்டப்பெற்ற ‘அன்னபூரணி’ என்னும் கப்பல் அமெரிக்கர் ஒருவரால் வாங்கப்பட்டு, வல்வெட்டித்துறை மாலுமிகளாற் செலுத்தப்பட்டு, 1938 ஆகஸ்டு மாதத்தில் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. குளொஸ்ரரும் மீன்பிடிக்குப் பெயர்போன ஊரேயாம். இத்தகைய பிரிவுகளை இல்லத்தரசியர் பொறுத்துக் குடும்பத்தைக் கொண்டு நடத்தினர் என்றால், அதற்கு அவர்தம் மனத்திண்மையே முதற்காரணம். எக்காற்று கப்பலைக் கொண்டுசெல்லும், எக்காற்று மீட்டுக் கொணரும் என்று ஊரார் யாவரும் அறிந்திருந்தமை இரண்டாவது காரணம்.

அந்தக் காற்றுக் கணக்கு இன்றும் மாறவில்லை. ஐப்பசி பிற்பகுதி தொடங்கி வாடைக்காற்று கடலிலிருந்து நேரே கரையை நோக்கி வீசும். கார்த்திகை, மார்கழியில் அலை எழுந்து முருகைக்கற் கரையிலே மோதும். சிறுதோணிக்கும் தூண்டிற்காரனுக்கும் அது காலமன்று. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் இப்பருவத்திலேதான் வந்தது. பங்குனி, சித்திரையில் காற்று ஓய்ந்து கடல் அடங்கும். வைகாசிக்குப் பின் சோளகம் தரையிலிருந்து கடலை நோக்கி வீசும். அப்போது கரையோர நீர் சாந்தமாகத் தோன்றினாலும், சிறுதோணியைக் காற்று அப்பாலே தள்ளிச் சென்றுவிடும். கரையில் நின்று தூண்டில் போடுவோர்க்கு அந்த அச்சமில்லை.

இதில் ஓர் அழகு உண்டு. கடலைப் பூட்டும் அதே வாடைக்காற்றுத்தான் தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையிலே பெரும்பட்டங்களை வானில் ஏற்றுகிறது. தந்தையும் மைந்தரும் மூங்கில் சீவி, கடதாசி ஒட்டி, நூல் முறுக்கும் நாட்கள் அவை. கடல் மறுத்த பொழுதை அதே காற்று வீட்டுக்குக் கொடுத்துவிடுகிறது! குறிஞ்சிக்கு யாமம், நெய்தலுக்கு எற்பாடு என்று நிலத்துக்குரிய பொழுதை வகுத்த தொல்காப்பியர் மரபும் இதனையன்றோ உணர்த்துகிறது? நிலத்துக்கு ஏற்ற பொழுதை அறிந்தவனுக்குப் பொழுது போதாமற் போவதில்லை.

ஆனால் கடலையே சீவனமாகக் கொண்டோரின் பொழுதை மனிதர் பறித்த கதையும் உண்டு. போர்க்காலத் தடைகளால் வடகடலில் இரவுத்தொழில் பல ஆண்டுகள் முடங்கியது. 2009 இல் போர் முடிந்தபின், தமிழ்நாட்டு இழுவைப்படகுகள் வாரத்தில் மூன்று நாட்கள் வந்து கடலடியை வாரிச் சென்றன. வலை அறுந்துவிடும் என்று அஞ்சி, அந்த இரவுகளில் வலை போடாது கரையிலிருக்கும் நிலை வடபகுதி மீனவர்க்கு உண்டாயிற்று. இழுவைமடித் தொழிலை இலங்கை 2017 இல் சட்டத்தால் தடைசெய்தது. எனினும் சிக்கல் தீர்ந்துவிடவில்லை. தமிழ்நாட்டுக் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடையுண்டு. அந்நாட்கள் இங்குள்ளோர்க்கு ஓர் ஆறுதல். காற்றினால் இழந்த பொழுதைக் காற்று ஈடுசெய்யும். இவ்வாறு இழந்த இரவுகளுக்கு ஈடு ஏது?

கடலை அஞ்சி ஒதுங்கி வளர்ந்த தலைமுறை ஒன்று உண்டாகிவிட்டது. கொண்டல் எது, கச்சான் எது என்று அறியாத பிள்ளைகள் கடற்கரை ஊரிலேயே இருக்கிறார்கள். இந்த அறிவு பாடசாலைப் புத்தகத்தால் மட்டும் வருவதன்று. தகப்பனின் பக்கத்தில் நின்று பழகியே வரவேண்டும். விடுதலை நாளில் தூண்டில் பிடிப்பதற்குச் சிறந்த நியாயம் இதுவே.

ஆதலின், தூண்டிலில் ஆசை கொண்ட குடும்பத்தலைவர்க்குச் சில சொல்லலாம். வாடைக்காலத்து ஞாயிறுகளை முழுமையாக வீட்டுக்கே கொடுத்துவிடுங்கள். கடல் அடங்கிய மாதங்களில், முழுநாளையும் கவராது, விடியற்பொழுதையோ வெயில் தாழ்ந்த பொழுதையோ தெரிந்துகொள்ளுங்கள்; மீன் இரைதேடி வருவதும் அப்பொழுதுகளிலேதான். எங்கே போகிறீர், எப்போது திரும்புவீர் என்பதை வீட்டில் உரைத்துச் செல்லுங்கள். மகனை மாத்திரமன்றி மகளையும் கூட்டிச் செல்லுங்கள். சிறுமீனைக் கடலிலேயே விட்டுவிடப் பழக்குங்கள்.

மற்றொன்று மிக முக்கியம். கொண்டுவந்த மீனை இல்லாளின் முன்னே போட்டுவிட்டுச் சாய்மனைக் கதிரையிலே சாய்ந்துவிடுதல் அறமாகாது. உமக்குப் பொழுதுபோக்கு, அவருக்கு மேலதிக வேலை என்றால், வீட்டார் முகஞ்சுளிப்பதில் தவறென்ன? செதில் சீவுவதும் குடல் நீக்குவதும் பிடித்தவரின் கடமை. பின்னர் நண்டும் இறாலும் மீனுமிட்டு ஒடியற்கூழ் காய்ச்சி, எல்லாரும் வட்டமாக அமர்ந்து, பிளாவில் வார்த்துக் குடியுங்கள். அடுத்த ஞாயிறு தூண்டிலை எடுத்துத் தருபவர் வீட்டிலுள்ளவராகவே இருப்பார்.