கைரேகையும் களவு போகும்

கோயம்புத்தூர், ஈரோடு, திருப்பூர் ஜில்லாக்களில் குடியானவர்கள் பலர் ஊரைவிட்டு விலகித் தத்தம் தோட்டத்துச் சாளைகளிலேயே வசிக்கிறார்கள். நிலப் பத்திரத்தையும் நகையையும் பெட்டியில் வைத்துப் பூட்ட அவர்கள் தவறுவதில்லை. ஆயினும் பெட்டியில் அடங்காத சொத்து ஒன்று உண்டு. அது ஒருவருடைய பெயரும் கைரேகையுமாகும்.

முற்காலத்தில் ஆள்மாறாட்டம் என்பது, ஒருவர் பெயரைச் சொல்லிக்கொண்டு வேறொருவர் ரிஜிஸ்திரார் முன் நிற்பதாக இருந்தது. அதைத் தடுக்கும் பொருட்டே, 1877-ல் வங்காளத்து ஹூக்ளி ஜில்லாவில் வில்லியம் ஹெர்ஷல் என்ற மாஜிஸ்டிரேட், பத்திரப் பதிவில் விரல் ரேகை வாங்கும் வழக்கத்தைப் புகுத்தினார். ஒருவர் ரேகை மற்றொருவருக்கு அமையாது என்பதே அதன் பலம்.

இன்றோ அந்த ரேகையே திருடப்படுகிறது. தெலங்கானாவில் சிம் கார்டு வியாபாரி ஒருவர், இணையத்தில் கிடைத்த நிலப் பத்திரங்களிலிருந்து பிறருடைய ரேகைகளை எடுத்து, ரப்பரில் அச்சுச் செய்து, ஆயிரக்கணக்கான சிம் கார்டுகளை அவர்கள் பெயரில் இயக்கியது 2018-ல் வெளிப்பட்டது.

பாங்கிக் கணக்கிற்கும் இதே அபாயம் உண்டு. ஆதார் எண், பாங்கியின் பெயர், ரேகை ஆகிய மூன்றும் இருந்தால், கார்டின்றியே பாங்கிப் பிரதிநிதியிடம் பணம் எடுக்கலாம். தோட்டத்தில் வசிப்போருக்கு இது பெரிய சௌகரியம். போலி ரேகை வைத்திருப்பவனுக்கும் அதே சௌகரியமே.

ஆகையால் கவனிக்க வேண்டியவை யாவை? உதவித்தொகை வந்திருப்பதாகச் சொல்லி வருவோரின் கருவியில், இன்ன காரியத்திற்கென்று தெரியாமல் விரல் வைக்கலாகாது. வைத்தால் ரசீது கேட்டு வாங்க வேண்டும். ஆதார் நகல் கொடுக்கும்போது, யாருக்கு, எதற்கு, எந்தத் தேதியில் என்பதை அதன்மேல் எழுதிக் கையொப்பமிடுவது நலம். ரேகையைப் பயன்படுத்தாத காலங்களில் ஆதார் செயலியின் மூலம் அதைப் பூட்டி வைக்கலாம். படித்த பிள்ளைகள் இதைப் பெரியோர்களுக்குச் செய்து கொடுக்கலாம்.

பணம் போய்விட்டால் வெட்கத்தால் மறைத்தல் தகாது. தாமதமே திருடனுக்குத் துணை. உடனே 1930 என்ற எண்ணில் புகார் செய்து, பாங்கியிலும் எழுத்து மூலம் தெரிவித்துத் தேதியுடன் ரசீது பெற வேண்டும். பாங்கியின்மீதும் கணக்குதாரர்மீதும் குற்றமில்லாத மோசடியை, பாங்கி தெரிவித்த மூன்று வேலை நாட்களுக்குள் கணக்குதாரர் அறிவித்தால் நஷ்டம் அவரைச் சேராது என்று ரிசர்வ் பாங்கி 2017-ல் விதித்தது. கூட்டுறவு பாங்கிகளுக்கும் அவ்வாண்டிலேயே அவ்வாறு விதிக்கப்பட்டது. தம் பெயரில் பிறர் கடன் வாங்கியிருக்கிறார்களா என்பதை, வருஷத்திற்கொரு முறை இலவசமாகக் கிடைக்கும் கடன் அறிக்கையைப் பெற்றுப் பார்த்துக்கொள்ளலாம்.

பிறருடைய அடையாளத்தை மோசடியாக உபயோகிப்பவருக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-சி பிரிவு மூன்று வருஷம் வரை சிறையும் ஒரு லட்ச ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. ஆனால் புகார் எழுந்தாலன்றிச் சட்டம் விழித்துக்கொள்ளாது. கிணற்றுக்கு மதில் கட்டும் குடியானவர் தம் பெயருக்கும் மதில் கட்டிக்கொள்வாராக.