தட்டில் வைக்கும் காசு யாருக்குப் போகிறது?

திருச்சி சத்திரம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சைவ ஓட்டல். ஞாயிற்றுக்கிழமை பகல். ஸ்ரீரங்கத்தில் பெருமாளைச் சேவித்துவிட்டு வந்த ஒரு குடும்பம் சாப்பிட்டு முடிக்கிறது. கணவன், மனைவி, பள்ளிக்கூடத்தில் படிக்கும் மகன்.

சர்வர் சின்னத் தட்டு ஒன்றைக் கொண்டு வந்து வைக்கிறார். அதில் பில். பில்லின் பக்கத்தில் கொஞ்சம் சோம்பு.

"என்னங்க, இருபது ரூபாய் வையுங்க" என்கிறாள் மனைவி, தணிந்த குரலில்.

"எதுக்கு? சாப்பாட்டுக்குத்தான் காசு கொடுக்கிறோமே! முதலாளி அவருக்குச் சம்பளம் கொடுக்க மாட்டாரா?"

"மூணு தடவை சாம்பார் கேட்டீங்க. முகம் சுளிக்காமல் கொண்டு வந்தாரே!"

மகன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்க்கிறான். "கொடுக்காட்டி என்னப்பா ஆகும்?"

ஒன்றும் ஆகாது. போலீஸ் வராது. ஆனால் பையன் கேட்ட கேள்வி சின்னக் கேள்வி அல்ல. இதற்காக டெல்லி ஐகோர்ட்டு வரை வழக்கு நடந்திருக்கிறது. நடுக்கடலில் போகும் கப்பலில், பல பேருடைய வீட்டில் உலை கொதிப்பதே இந்தக் காசை நம்பித்தான்!

ஒரு காசு, பல பெயர்கள்

சர்வருக்குக் கொடுத்தால் டிப்ஸ். மூட்டை தூக்கியவருக்குக் கொடுத்தால் டீச் செலவு. தீபாவளிக்குத் தபால்காரருக்குக் கொடுத்தால் இனாம். ஆட்டோக்காரரிடம் "மீதியை வெச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு இறங்கினால் அதற்குப் பெயரே கிடையாது.

ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் படித்துறையில் தர்ப்பணம் செய்து வைப்பவருக்குக் கொடுப்பது தட்சிணை. அதை டிப்ஸ் என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். வருவது நியாயம்தான். தட்சிணை கொடுத்தால்தான் காரியம் நிறைவு பெறும் என்பது நம்பிக்கை. டிப்ஸ் அப்படி அல்ல. கொடுக்காமல் எழுந்து போனாலும் சாப்பாடு சாப்பாடுதான்.

கொடுப்பவருக்கு இதில் ஒரு சங்கடம். எவ்வளவு கொடுப்பது? குறைந்தால் கேவலம், கூடினால் ஊதாரி. வாங்குபவருக்கு அதைவிடப் பெரிய சங்கடம். வாய்விட்டுக் கேட்கவும் முடியாது, எதிர்பார்க்காமல் இருக்கவும் முடியாது. தட்டைப் பார்க்காததுபோல் பார்க்க வேண்டும்.

கடல் இல்லாத ஊரில் கப்பல் வேலை

திருச்சிக்குக் கடல் இல்லை. ஆனால் கப்பல் வேலை உண்டு. துவாக்குடியில் ஓட்டல் நிர்வாகமும் சமையல் கலையும் கற்றுத் தரும் மாநில அரசுக் கல்வி நிலையம் இருக்கிறது. இப்படிப்பட்ட படிப்பை முடிக்கும் இளைஞர்களில் பலருக்கு உல்லாசக் கப்பல் வேலை ஒரு கனவு.

உல்லாசக் கப்பல் என்றால் என்ன? மிதக்கும் ஓட்டல். மிகப் பெரிய கப்பல்களில் ஐயாயிரம் பயணிகளுக்கு மேல் இருப்பார்கள். அவர்களைக் கவனிக்க ஊழியர்கள் மட்டும் இரண்டாயிரம் பேருக்கு மேல். அறையைப் பெருக்கி, படுக்கை விரிப்பவர்கள், பரிமாறுகிறவர்கள், சமையல்காரர்கள், துணி வெளுப்பவர்கள் என்று ஒரு சிறிய ஊரே அதில் வேலை செய்கிறது. இவர்களில் பெரும்பாலோர் இந்தியா, பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா போன்ற நாடுகளிலிருந்து போனவர்கள். கப்பலில் பறப்பதோ பெரும்பாலும் பகாமாஸ், பனாமா போன்ற நாடுகளின் கொடி! அமெரிக்காவிலிருந்து புறப்படும் கப்பலாக இருந்தாலும், ஊழியர் சம்பளத்துக்கு அமெரிக்கச் சட்டம் அப்படியே பொருந்தாது.

அதனால் என்ன ஆயிற்று? அடிப்படைச் சம்பளம் சிறியது. பயணிகள் கொடுக்கும் டிப்ஸ்தான் பெரியது.

முன்பெல்லாம் பயணத்தின் கடைசி இரவில் அறைக்குக் காகித உறைகள் வரும். அறை ஊழியருக்கு ஒன்று, பரிமாறியவருக்கு ஒன்று, அவருடைய உதவியாளருக்கு ஒன்று. பயணிகள் பணத்தை வைத்துக் கையில் கொடுப்பார்கள். சில பயணிகள் கடைசி இரவில் சாப்பாட்டு மண்டபத்துக்கே வராமல் ஒளிந்து கொள்வதும் உண்டாம்!

இப்போது பெரும்பாலான அமெரிக்கக் கப்பல் கம்பெனிகள் அந்த வம்பே வேண்டாம் என்று கணக்கிலேயே சேர்த்துவிடுகின்றன. ஒரு பயணிக்கு, ஒரு நாளைக்கு, சுமார் 16 முதல் 20 டாலர் வரை. ஆடம்பர அறை என்றால் இன்னும் அதிகம். நான்கு பேர் உள்ள குடும்பம் ஏழு நாள் போனால், 16 டாலர் வீதம் 448 டாலர். நம் பணத்தில் நாற்பதாயிரம் ரூபாய் அளவுக்கு வரும். இது டிக்கெட்டுக்கு மேலே. குடிபானம் வாங்கினால் அதற்கு 18 அல்லது 20 சதவீதம் தனியாகச் சேரும்.

"இது என்ன டிப்ஸா, வரியா?" என்று பயணிகள் கேட்பது நியாயமான கேள்வி. விருப்பப்பட்டுக் கொடுப்பதற்குப் பெயர்தானே இனாம்!

பிடிக்காதவர்கள் கப்பல் அலுவலகத்துக்குப் போய்த் தொகையைக் குறைக்கச் சொல்லலாம், நீக்கவும் சொல்லலாம். பல கம்பெனிகள் இதற்கு இடம் தருகின்றன. ஆனால் நீக்கும் பணம் கம்பெனியின் லாபத்திலிருந்து போவதில்லை. ஊழியர்கள் பங்கு போட்டுக்கொள்ளும் பணத்திலிருந்துதான் போகிறது. கோபம் கம்பெனியின் மேல். அடி விழுவது படுக்கை விரித்த பையனின் மேல்.

இதற்கு வேறு வழி இல்லையா? உண்டு. இங்கிலாந்தின் பி அண்டு ஓ கம்பெனி 2019-ஆம் ஆண்டு மே மாதம் முதல் இந்தத் தனிக் கட்டணத்தையே எடுத்துவிட்டது. டிக்கெட் விலைக்குள்ளேயே எல்லாம் அடக்கம். கப்பல் அதற்காக மூழ்கிவிடவில்லை.

பெற்றோர் கவனிக்க வேண்டியது

பையனுக்குக் கப்பலில் வேலை என்று ஒருவர் வீட்டுக்கு வந்து பேசுவார். மாதம் இத்தனை டாலர் என்று சொல்வார். அங்கேதான் நிதானம் வேண்டும். சம்பளம் எவ்வளவு, டிப்ஸ் எவ்வளவு என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். சம்பளம் ஒப்பந்தத்தில் இருக்கும். டிப்ஸ் பயணிகளின் கையில் இருக்கிறது. இரண்டையும் கூட்டி ஒரே தொகையாகச் சொன்னால் அதை நம்பிக் கடன் வாங்கக் கூடாது.

இன்னொரு சங்கதி. வேலை வாங்கித் தருவதற்காக மாலுமியிடமோ, கப்பல் ஊழியரிடமோ கமிஷன் வாங்கக் கூடாது என்று உலக அளவில் ஒரு சட்டம் இருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தம் என்று அதற்குப் பெயர். 2013-ல் நடைமுறைக்கு வந்தது. 2015-ல் இந்தியாவும் ஒப்புக் கொண்டது. பாஸ்போர்ட்டு, கடற்பணிப் புத்தகம், மருத்துவச் சான்று ஆகியவற்றின் செலவை மட்டும்தான் வேலைக்குப் போகிறவர் ஏற்கலாம். ஆள் எடுக்கும் கம்பெனிக்குக் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் லைசென்சு இருக்க வேண்டும். லைசென்சு நம்பரைக் கேட்டவுடன் டெலிபோனை வைத்துவிடும் ஏஜெண்டுகள் உண்டு. அப்படி வைத்தால் நல்லது; பணம் மிச்சம்!

வேலையும் லேசானது அல்ல. ஒப்பந்தம் ஆறு மாதம் முதல் ஒன்பது மாதம் வரை இருக்கும். வாரத்தில் ஒரு முழு நாள் ஓய்வு என்பது அபூர்வம். ஒரு நாளில் 14 மணி நேரத்துக்கு மேலும், ஏழு நாளில் 72 மணி நேரத்துக்கு மேலும் வேலை வாங்கக் கூடாது என்பது அந்த ஒப்பந்தம் போட்ட எல்லைகளில் ஒன்று. அத்தனை மணி நேரம் நின்றுகொண்டே சிரிக்க வேண்டும். சிரிப்பு குறைந்தால் வருமானமும் குறையும்.

கரையில் நடந்த வழக்கு

கப்பலில் நடப்பது கரைக்கும் வந்தது. இந்தியாவின் பெரிய ஓட்டல்கள் பலவற்றில் "சர்வீஸ் சார்ஜ்" என்று 5 முதல் 10 சதவீதம் வரை பில்லில் சேர்த்தார்கள். சிலர் இதை அரசாங்க வரி என்று நினைத்துக் கொடுத்தார்கள். அது தவறு. ஜி.எஸ்.டி. என்பதுதான் அரசாங்கத்துக்குப் போகும் வரி. சர்வீஸ் சார்ஜ் ஓட்டலுக்குப் போகிறது.

480 ரூபாய்க்குச் சாப்பிட்டால் பத்து சதவீதம் 48 ரூபாய். ஆக 528. இந்த 528-க்கும் சேர்த்து ஜி.எஸ்.டி. போடுவார்கள். டிப்சுக்கும் வரி!

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-ஆம் ஆண்டு ஜூலை 4-ந் தேதி ஓர் உத்தரவு போட்டது. எந்த ஓட்டலும் பில்லில் சர்வீஸ் சார்ஜைத் தானாகச் சேர்க்கக் கூடாது. வேறு பெயரிலும் வாங்கக் கூடாது. கொடுக்க மறுப்பவரை உள்ளே விடாமல் தடுக்கக் கூடாது என்றது. ஓட்டல் சங்கங்கள் டெல்லி ஐகோர்ட்டுக்குப் போயின. அதே மாதம் 20-ந் தேதி இடைக்காலத் தடை கிடைத்தது. மூன்று ஆண்டு நெருங்கும்போது, 2025 மார்ச் 28-ந் தேதி ஐகோர்ட்டு சங்கங்களின் மனுக்களைத் தள்ளுபடி செய்தது. மனுதாரர்கள் தலைக்கு ஒரு லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்றும் சொன்னது. சங்கத்தார் மேல்முறையீட்டுக்குப் போனார்கள்.

பில்லில் இப்படி ஒரு வரி இருந்தால் "இதை எடுத்துவிடுங்கள்" என்று மரியாதையாகக் கேட்கலாம். எடுக்க மறுத்தால் 1915 என்ற நம்பரில் புகார் செய்யலாம். திருச்சியில் சாதாரண இட்லி, தோசை ஓட்டல்களில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே கேள்வி தட்டோடு முடிந்துவிடுகிறது.

சம்பளமா, இனாமா?

"டிப்ஸ் வருகிறதே, சம்பளம் எதற்கு உயர்த்த வேண்டும்?" என்று ஒரு முதலாளி சொன்னால்? ஜெய்ப்பூரில் உள்ள ராம்பாக் அரண்மனை ஓட்டல் வழக்கில் இந்தக் கேள்வி சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்தது. டிப்ஸ் வாடிக்கையாளர் கொடுப்பது. முதலாளி கொடுப்பது அல்ல. ஆகவே சம்பளத்தை நிர்ணயம் செய்யும்போது அதைக் கணக்கில் சேர்க்க முடியாது என்று 1976-ல் தீர்ப்பாயிற்று. தொழிலாளிக்கு வெற்றி!

ஆனால் கத்திக்கு இரண்டு பக்கமும் கூர். டிப்ஸ் சம்பளம் இல்லை என்றால் ஈ.எஸ்.ஐ. கணக்கிலும் அது சேராது. 2007-ல் சுப்ரீம் கோர்ட்டு அப்படித்தான் சொன்னது. இருபது ஆண்டு நல்ல டிப்ஸ் வாங்கிய சர்வர் வயதாகி வீட்டில் உட்காரும்போது, அந்த இருபது ஆண்டுப் பணம் எந்த ஏட்டிலும் இருக்காது.

சமயபுரம் போகும் குடும்பங்களுக்கு வேறு ஓர் உதாரணம் தெரிந்திருக்கும். அறநிலையத் துறைக் கோவில்களில் மொட்டை போடக் கட்டணம் இல்லை என்று தமிழக அரசு 2021 செப்டம்பரில் அறிவித்தது. சீட்டுப் பணத்தில் பங்கு வாங்கி வந்த தொழிலாளர்களுக்கு மாதம் 5 ஆயிரம் ரூபாய் ஊக்கத் தொகை ஏற்பாடாயிற்று. ஆனாலும் குழந்தைக்கு முதல் மொட்டை போட்டதும், தாய் மாமன் சும்மா எழுந்து வருவாரா? சட்டைப் பையில் கை போகத்தான் செய்கிறது. மனம் நிறைந்து கொடுப்பதை யாரும் தடுக்கவில்லை. கத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு "இவ்வளவு கொடு" என்று கேட்டால்தான் தகராறு.

அரசு அலுவலகத்திலும், அரசு மருத்துவமனையிலும் கேட்கும் காசு வேறு ஜாதி. பிறந்த குழந்தையைக் காட்டப் பணம் கேட்பது இனாம் ஆகாது. அதற்கு லஞ்சம் என்று பெயர். 2018-ல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு கொடுப்பவரும் குற்றவாளியே. கட்டாயத்தினால் கொடுக்க நேர்ந்தால் ஏழு நாளுக்குள் புகார் செய்ய வேண்டும்.

வெளிநாடு போனால்

திருச்சி விமான நிலையத்திலிருந்து சிங்கப்பூர், கோலாலம்பூர் போகிறவர்கள் ஏராளம். சிங்கப்பூர் ஓட்டல்கள் பலவற்றில் பில்லிலேயே 10 சதவீதம் சேர்ந்திருக்கும். அதற்கு மேல் தட்டில் வைக்கும் பழக்கம் கிடையாது. ஜப்பானில் டிப்ஸ் கொடுத்தால் காசை மறந்து வைத்துவிட்டதாக எண்ணிப் பின்னாலேயே ஓடி வந்து கொடுத்துவிடுவார்கள். அமெரிக்காவில் நேர்மாறு. அங்கே டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு மத்தியச் சட்டப்படி முதலாளி கொடுக்க வேண்டிய குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2 டாலர் 13 சென்ட். 1991 முதல் அந்தத் தொகை ஏறவே இல்லை. டிப்சும் சேர்ந்து சட்டப்படியான கூலியை எட்டாவிட்டால் மீதியை முதலாளி கொடுக்க வேண்டும். அதனால்தான் அங்கே 15 சதவீதத்துக்குக் குறைத்து வைத்தால் சர்வர் முகம் வாடுகிறது.

தட்டு காலியாகும் காலம்

நம் ஊர் சர்வர்களுக்கு இப்போது புதிதாக ஒரு கவலை. முன்பு ஐந்நூறு ரூபாய் நோட்டைக் கொடுத்தால் மீதி தட்டில் வரும். பத்து ரூபாய் நோட்டு ஒன்றைத் தட்டிலேயே விட்டுவிட்டு எழுந்துவிடுவார்கள். இப்போது சட்டைப் பையில் பணமே இல்லை. கல்லாவில் ஒட்டிய சதுரப் படத்துக்கு நேராகச் செல்போனைக் காட்டுகிறார்கள். 480 ரூபாய் என்றால் 480 ரூபாய்தான் போகிறது. மீதி இல்லை, மீதி இல்லாததால் டிப்சும் இல்லை.

சத்திரம் ஓட்டலில் அந்தக் கணவருக்கும் அதே கதி. பையில் துழாவினார். சில்லறை இல்லை. மனைவி சேலைத் தலைப்பில் முடிந்திருந்த இருபது ரூபாயை எடுத்து மகனிடம் கொடுத்தாள். "நீ போய்க் கொடு தம்பி. தட்டில் போடாதே, கையில் கொடு."

பையன் கொடுத்தான். சர்வர் வாங்கிக் கொண்டு, கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்த தகர டப்பாவில் போட்டார்.

"உங்களுக்குத்தானே கொடுத்தேன்!" என்றான் பையன்.

"உள்ளே பாத்திரம் கழுவுற அக்கா ரெண்டு பேர் இருக்காங்க, தம்பி. அவங்க முகம் உங்களுக்குத் தெரியாது. ராத்திரி கடை சாத்தினதும் எல்லாரும் பிரிச்சுக்குவோம்" என்றார் அவர்.