ரோமன் எண்ணின் தோளில் ஒரு குட்டி எழுத்து

பிரெஞ்சுப் புத்தகங்களில் நூற்றாண்டுகளை ரோமன் எண்ணில்தான் எழுதுவார்கள். எண்ணின் வலது தோளில் பொடி எழுத்தில் ஓர் 'இ' உட்கார்ந்திருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டு என்றால் 'எக்ஸ், ஐ, எக்ஸ்'; மேலே அந்தக் குட்டி 'இ'. தமிழில் 'ஆம்' பார்க்கிற வேலையை அங்கே அந்த ஓர் எழுத்து பார்த்துவிடுகிறது.

முதலாவதுக்குத் தனி ஏற்பாடு. பிரெஞ்சில் நூற்றாண்டு ஆண்பால், குடியரசு பெண்பால். ஆகவே முதல் நூற்றாண்டுக்கு 'ஐ'யின் மேல் 'இ, ஆர்' வரும். 1792இல் பிறந்த முதல் குடியரசுக்கு 'ஆர், இ'. 1958 முதல் நடக்கும் ஐந்தாம் குடியரசுக்கு இந்தச் சிக்கலே இல்லை. 'வி'யும் 'இ'யும் போதும்.

பேச்சில் விகுதி 'இயெம்' என்று ஒலிப்பதால் கையால் எழுதும்போது பலர் அதை 'இ, எம், இ' என்று நீட்டிவிடுவார்கள். அச்சில் அது செல்லாது. பிரான்ஸின் அரசு அச்சகமான இம்ப்ரிமெரி நேஷனல் வெளியிட்ட அச்சு விதிக் கையேடு ஒற்றை 'இ'யைத்தான் ஏற்கிறது. இன்னொரு நுணுக்கமும் உண்டு. நூற்றாண்டு எண்ணுக்கு வடிவத்தில் பெரிய எழுத்தாகவும் உயரத்தில் சின்ன எழுத்தாகவும் இருக்கும் அச்சைக் கோப்பார்கள். வரிக்குள் எண் துருத்திக்கொண்டு தெரியாது. அரசர்களுக்கும் குடியரசுகளுக்கும் முழு உயர எழுத்துதான்.

வேடிக்கை அரசர்களிடம்தான். முதலாம் பிரான்சுவா, முதலாம் நெப்போலியன் இருவருக்கும் 'இ, ஆர்' உண்டு. வாசிப்பதும் 'முதலாம்' என்றே. இரண்டாமவரிலிருந்து அந்தச் சலுகை ரத்து. வெர்சாய் மாளிகையை எழுப்பியவர் பிரெஞ்சுக்காரர் வாயில் வெறும் 'லூயி பதினான்கு'. 'எக்ஸ், ஐ, வி' என்று எழுதி நிறுத்திவிட வேண்டும். பழக்கதோஷத்தில் 'இ' சேர்த்தால் பிழை. ஸ்பெயினையும் ஆண்ட பேரரசர் ஐந்தாம் சார்லஸ் இதற்கெல்லாம் விதிவிலக்கு. அவருக்கு எண்ணே கிடையாது. 'ஐந்தாம்' என்பதற்கான பழைய சொல்லைச் சேர்த்து 'ஷார்ல் கேன்' என்பார்கள்.

ரோமன் எண் இன்று எல்லோருக்கும் படிக்கவருவதில்லை. 2021இல் பாரிஸின் கார்னவாலே அருங்காட்சியகம் சில விளக்கப் பலகைகளில் அரசர்களுக்குச் சாதாரண எண்ணைப் போட்டதும் இத்தாலியப் பத்திரிகைகள் பொங்கின. பார்வையாளருக்குப் புரியட்டும் என்ற நோக்கத்தில் தவறில்லை. கோபம் கொஞ்சம் அதிகம்தான். பாரிஸ் தெருமுனைகளின் நீலப் பலகைகளில் வட்டார எண் சாதாரண எண்ணில்தான் இருக்கிறது. அங்கேயும் விகுதியை மட்டும் விடவில்லை.