தாயின் சொல்லும் மகளின் வடுவும்

புல்மோட்டைக் கடற்கரையின் கருமணலில் இல்மனைட் உண்டு. வெண்ணிறச் சாயத்துக்கு அது மூலப்பொருள். மண்ணின் கருமைக்கு விலை கொடுக்கும் உலகம், மகளின் கருமையைக் குறையாகக் கருதுவது விந்தையன்றோ?

அம்பை எழுதிய ‘அம்மா ஒரு கொலை செய்தாள்’ என்னும் சிறுகதையில், கருநிறச் சிறுமி ஒருத்தி பூப்பெய்தி, வெளியூர் சென்ற தாயின் வருகைக்காக ஏங்கியிருக்கிறாள். தாயோ, உறவுப்பெண்ணின் சம்பந்தம் நிறத்தால் முறிந்த வேதனையோடு திரும்புகிறாள். மகளும் ஒரு பாரமென்று சொல்லிவிடுகிறாள். அச்சொல்லே கொலை.

டொமினிக்கக் குடியரசிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தோரைப் பற்றி ஜூனோ டியாஸ் 2007இல் வெளியிட்ட நாவலிலும் இத்தகைய தாயும் மகளும் உளர். 1930 முதல் 1961 வரை அந்நாட்டை அடக்கியாண்ட ட்ருஹியோவின் ஆட்சியில் பெலியின் குடும்பம் அழிந்தது. கருநிறக் குழந்தையாகிய அவள் அநாதையாகி, முதுகில் தீக்காயத்தைச் சுமந்தாள். பின்னாளில் நியூ ஜெர்சியில் தன் மகள் லோலாவை ஏச்சாலும் அடியாலும் வளர்த்தாள். மகள் வீட்டைவிட்டு ஓடினாள். தாயகத்திலுள்ள பாட்டியிடம் அனுப்பப்பட்ட பின்னரே தாயின் கதை அவள் செவிக்கு எட்டத் தொடங்கிற்று.

பட்ட துயரம் கொடுமைக்கு நியாயமாகாது, விளக்கமே ஆகும். ஆயினும் நேயர்களே, தான் பட்டதைத் தாய் வாய்திறந்து கூறும் வீட்டில், அது மகள்மீது வசையாய் விழுவது குறையும்.