வெள்ளைக் கொக்குக்கு எவ்வளவு வெளிச்சம்?

ஜனவரி காலையில் வேடந்தாங்கல் ஏரிக்கரையில் பெரிய லென்ஸோடு நிற்பவர்களின் கேமராத் திரையை எட்டிப் பாருங்கள். பலருடைய படத்தில் கொக்குக்கு இறகே இருக்காது. உருவம் இருக்கும், உள்ளே வெறும் வெள்ளை. லட்ச ரூபாய்க் கருவி இலையையும் கிளையையும் துல்லியமாகப் பதிந்துவிட்டு, கொக்கை மட்டும் கோட்டை விட்டிருக்கும்.

குற்றம் லென்ஸில் இல்லை. எதிரே இருப்பது கொக்கா, நீர்க்காகமா என்று கேமராவின் வெளிச்சமானிக்குத் தெரியாது. உள்ளே வரும் ஒளியைச் சராசரியாக்கி, படம் நடுத்தரச் சாம்பலில் வந்து நிற்கும்படி எக்ஸ்போஷரை வைப்பதுதான் அதன் வேலை. நடுத்தரச் சாம்பல் என்றால், விழும் ஒளியில் ஏறக்குறைய 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் பரப்பு என்பது பழைய கணக்கு. பறவையின் கண்ணைத் தானே தேடிப் பிடிக்கும் புதிய கேமராக்களிலும் இந்த அடிப்படை பெரிதாக மாறவில்லை.

'வெள்ளைப் பறவை என்றால் ஒரு ஸ்டாப் கூட்டு', அதாவது ஒளியை இரட்டிப்பாக்கு, என்று புதியவர்களுக்குச் சொல்லித்தருவார்கள். பாதிதான் சரி. கொக்கு படம் முழுக்க நிறைந்திருந்தால், அத்தனை வெள்ளையையும் சாம்பலாக்கப் பார்த்து கேமரா ஒளியைக் குறைக்கும். நாம் கூட்ட வேண்டும். ஆனால் நம் ஏரிகளில் கொக்கு எங்கே அவ்வளவு பக்கத்தில் வருகிறது? முக்கால் படம் இருண்ட நீரும் மரநிழலும், நடுவில் சிறியதாக ஒரு கொக்கு. கேமரா இருட்டைப் பார்த்து ஒளியைக் கூட்டிவிடும், கொக்கு வெளிறிப்போகும். இங்கே ஒரு ஸ்டாப் குறைப்பதுதான் புத்திசாலித்தனம். அதைவிட நல்லது, மேனுவலுக்கு மாறி கொக்கின் வெள்ளைக்கு ஒருமுறை அளவு வைத்துவிடுவது. வெயில் மாறாதவரை, கொக்கு நீரிலிருந்து மரத்துக்குப் போனாலும் வானத்தில் எழும்பினாலும் படத்தில் அதே வெள்ளைதான்.

ஏன் இவ்வளவு கறார்? சென்சாரின் ஒவ்வொரு பிக்சலும் தன்மேல் விழும் ஒளியை எலெக்ட்ரான்களாக மாற்றிச் சேர்த்து வைக்கிறது. அதற்கு ஒரு கொள்ளளவு உண்டு. படி நிறைந்த பிறகு மேலே எவ்வளவு கொட்டினாலும் அளவு ஒரு படிதான். இறகின் மேட்டுக்கும் மடிப்புக்கும் இருந்த வேறுபாடு அந்த நொடியிலேயே அழிந்துவிடும். ஜேபெக் கோப்பில் ஒரு நிறத்துக்கு 256 நிலைகள்; 14 பிட் 'ரா' கோப்பில் 16,384. அதனால் 'ரா'வில் ஓரளவு மீட்கலாம். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுமே நிரம்பிவிட்ட இடத்தில் மீட்க எதுவும் மிச்சமில்லை.

சரி, எப்போதும் இருட்டாகவே எடுத்து வீட்டுக்கு வந்து வெளிச்சம் ஏற்றினால்? அதற்கும் விலை உண்டு. ஒளித்துகள்கள் வரிசை கட்டி வருவதில்லை, தற்செயலாக வந்து விழுகின்றன. சராசரியாக 10,000 துகள் விழும் இடத்தில் ஏற்ற இறக்கம் சுமார் 100, அதாவது 1 சதவீதம். 100 துகளே விழும் இடத்தில் அது 10. இப்போது 10 சதவீதம். நிழலில் பொரிப்பொரியாகத் தெரியும் 'நாய்ஸ்' பெரும்பாலும் இந்த வர்க்கமூலக் கணக்குதான். கொக்குக்குப் பக்கத்துக் கிளையில் இருக்கும் நீர்க்காகத்தின் கறுப்பில்தான் அது முதலில் தலைகாட்டும். கணினியில் ஏற்றும் பிரகாசம் புதிதாக ஒரு துகளைக்கூடக் கொண்டுவராது.

நீரின் பளபளப்பை வெட்ட போலரைசர் மாட்டுபவர்கள் உண்டு. செங்குத்திலிருந்து சுமார் 53 பாகையில் நீரில் பட்டுத் திரும்பும் ஒளியைத்தான் அது நன்றாக வெட்டும். கரையில் படுத்து எடுப்பவருக்கு அந்தக் கோணம் அமையாது. போதாக்குறைக்கு ஒளியில் பாதியையாவது விழுங்கிவிடும். பறக்கும் பறவையை உறைய வைக்க 1/2000 நொடி வேண்டியிருக்கும்போது இது கட்டுப்படியாகாது.  என்னைக் கேட்டால், போலரைசரை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

இப்போது செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் வந்துவிட்டன. நாய்ஸை நீக்குவதோடு நிற்காமல், தாம் பழகிய படங்களிலிருந்து ஊகித்து இறகிழைகளையும் வரைந்து தருகின்றன. சுவரில் மாட்டுவதற்கு அதனால் கேடில்லை. பறவையை அடையாளம் காணும்போதுதான் வில்லங்கம். பெரிய கொக்கின் வாய்க்கோடு கண்ணைத் தாண்டிப் பின்னால் நீளும். நடுத்தரக் கொக்குக்கு அது கண்ணுக்குக் கீழேயே நின்றுவிடும். தொலைவில் எடுத்த படத்தில் அந்த வித்தியாசம் நாலைந்து பிக்சல்தான். மென்பொருள் ஊகித்துக் கோட்டை நீட்டினால் இனமே மாறிப்போகும்.

இனம் மட்டுமல்ல, தனிப்பறவையின் அடையாளமும் மாறிப்போகலாம். கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல ஆண்டுகளாகப் பறவைகளுக்கு வளையம் இட்டுவருகிறது. நம் கடலோரங்களுக்கு வலசை வரும் உள்ளான்களில் சிலவற்றின் காலில் எழுத்தும் எண்ணும் பொறித்த சிறு நிறக்கொடி இருக்கும். மங்கலான 'B' கூர்மையாக்கத்தில் 8 ஆகிவிட்டால், ஒரு பறவையின் பயணம் இன்னொரு பறவையின் கணக்கில் ஏறும். ஆய்வாளர்களுக்கு அனுப்பும்போது கை வைக்காத மூலக்கோப்பை அனுப்புங்கள். மெருகேற்றிய பிரதி முகநூலுக்கு இருக்கட்டும்.