அலாரம் அடிச்சா போலீஸ் வரணுமா?



கொஞ்ச நாளாக நாங்கள் எந்தக் கூட்டமைப்புக் கூட்டத்துக்குப் போனாலும் ஒரு கேள்வி வருகிறது. "மேடம், நம்ம கட்டடத்துக்குத் திருட்டு அலாரம் மாட்டலாமா? மாட்டிட்டா போலீஸ் தானா வந்துடுவாங்களாமே!" அலாரம் விற்கிறவர்கள் இப்போது டவுனோடு நிற்பதில்லை. கூட்டமைப்புக் கட்டடம், பால் சொசைட்டி, உரக்கடை என்று தேடி வருகிறார்கள். மேசை மேல் பெட்டியை வைத்து, கதவைத் திறந்து காட்டி, சைரனை அலற விட்டு, "ஸ்டேஷன் நம்பரைப் போட்டுட்டா போதும்மா, நீங்க நிம்மதியாத் தூங்கலாம்" என்கிறார்கள்.

தனியார் ஒருவர் தன் இடத்தில் மாட்டிய மெஷின் கூப்பிட்டால் போலீஸ் ஓடி வர வேண்டுமா? கேட்க சின்னக் கேள்விதான். ஆனால் இதில் எங்களுக்கு ஒரு கசப்பான அனுபவம் இருக்கிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறோம். பிறகு, இதே கேள்வியோடு பல வருஷம் மல்லுக்கட்டிய வெளிநாட்டு ஊர்களில் என்ன ஆச்சு என்று பார்ப்போம். அவர்களுக்குப் பணமும் ஜாஸ்தி, போலீஸும் ஜாஸ்தி. அப்படியும் திணறிப் போனார்கள்.

எங்கள் பெட்டியின் கதை

நாங்கள் உட்கார்ந்து வேலை செய்யும் கூட்டமைப்புக் கட்டடம் இரண்டு அறை. ஒரு பீரோ, ஒரு கம்ப்யூட்டர், ஆறு தையல் மெஷின். ராத்திரியில் யாரும் தங்குவதில்லை. பக்கத்து ஊரில் தையல் மெஷின் மோட்டாரை எல்லாம் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள் என்று கேள்விப்பட்டதும் பயம் வந்துவிட்டது. தீர்மான நோட்டில் எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட்டு, அலாரம் வாங்கினோம். கதவில் ஒரு சென்சார், அறைக்குள் ஏதாவது அசைந்தால் கண்டுபிடிக்க இன்னொரு சென்சார், வெளியே சைரன், சிம் கார்டு போட்ட ஒரு பெட்டி. அலாரம் அடித்தால் அந்தப் பெட்டி தானாகவே போன் போடும். மாட்ட வந்த தம்பி முதல் நம்பராக ஸ்டேஷன் நம்பரைப் பதிந்தார். நாங்களும் தலையாட்டினோம்.

முதல் வாரமே நடுராத்திரி இரண்டு மணிக்கு அலறியது. தெருவே எழுந்துவிட்டது. பதினோரு கிலோமீட்டர் தாண்டி ஜீப் வந்தது. டார்ச் அடித்துப் பார்த்தார்கள், பூட்டு பூட்டினபடி இருந்தது. அடுத்த தடவை கரண்ட் போய்ப் போய் வந்ததில் அடித்தது. மூன்றாவது தடவை காலையில் கூட்ட வந்த அக்கா ரகசிய எண்ணை மறந்துபோய் நின்றார். நான்காவது தடவைதான் எலியைக் கண்டோம். பீரோ மேலிருந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. தெருவில் அதற்குள் யாரும் எழுந்து வருவதை விட்டுவிட்டார்கள். சின்ன வயசில் படித்த "புலி வருது" கதைதான். ஜீப் மட்டும் வந்துகொண்டிருந்தது, கூப்பிட்டால் வந்தாக வேண்டுமே.

ஐந்தாவது தடவை நடந்ததை எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஜீப் எங்கள் கட்டடத்து வாசலில் நிற்கிறது. சாவி வைத்திருக்கும் பொருளாளர் கல்யாணத்துக்கு வெளியூர் போயிருந்தார். ஜன்னல் வழியாகப் பார்ப்பதும் சாவியைத் தேடுவதுமாக நேரம் போனது. அதே ராத்திரி வேறொரு குக்கிராமத்தில் நம் குழு உறுப்பினர் ஒருவர், குடித்துவிட்டு அரிவாளோடு நின்ற கணவனுக்குப் பயந்து, இரண்டு பிள்ளைகளோடு பக்கத்து வீட்டு மாட்டுக் கொட்டகைக்குள் ஒளிந்துகொண்டு போலீசுக்குப் போன் செய்தார். அங்கே ஜீப் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கை எலும்பு முறிந்திருந்தது.

அடுத்த குழுக் கூட்டத்துக்குக் கட்டுப் போட்ட கையோடு வந்தார். சத்தமே போடவில்லை. "நான் கூப்பிட்டப்ப ஜீப் உங்க கட்டடத்துலதான் நின்னுச்சாமே மேடம்" என்று மட்டும் கேட்டார். எங்களால் பதில் சொல்ல முடியவில்லை.

எண்ணிப் பார்த்த ஊர்

திருட்டு அலாரம் என்பது புதுச் சரக்கு இல்லை. மின்சாரத்தில் வேலை செய்யும் திருட்டு அலாரத்துக்கு அமெரிக்காவில் 1853-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார்கள். போன நூற்றாண்டின் கடைசியில் அங்கே வீட்டுக்கு வீடு, கடைக்குக் கடை அலாரம் ஆகிவிட்டது. மாதச் சந்தா வாங்கிக்கொண்டு கம்பெனிகள் இதைக் கவனிக்கின்றன. உங்கள் வீட்டில் அலாரம் அடித்தால் எங்கேயோ இருக்கிற கம்பெனி ஆபீசில் தெரியும். அங்கே இருப்பவர் உங்களுக்குப் போன் போட்டுப் பார்ப்பார். நீங்கள் எடுக்கவில்லை என்றால் போலீசைக் கூப்பிடுவார். அவ்வளவுதான் அவர் வேலை. யாரும் நேரில் வந்து பார்ப்பதில்லை. சந்தா கம்பெனிக்கு, ஓட்டம் போலீசுக்கு!

2002-ம் வருஷம் மட்டும் அமெரிக்கப் போலீஸ் சுமார் 3 கோடியே 60 லட்சம் அலாரங்களுக்குப் போனதாகவும், அதற்கு 180 கோடி டாலர் செலவானதாகவும் கணக்கிட்டிருக்கிறார்கள். அதில் நூற்றுக்குத் தொண்ணூற்று நாலுக்கு மேல் பொய் அலாரம். கள்ளன் இல்லை, காற்று. சரியாகச் சாத்தாத கதவு, ஆடுகிற ஜன்னல், வீட்டு நாய், தீர்ந்துபோன பேட்டரி, ரகசிய எண் தெரியாத விருந்தாளி. பெரும்பாலும் மனுஷர்கள் செய்கிற தவறுதான். நம் கூட்டுகிற அக்காவை யாரும் குறை சொல்ல வேண்டாம்.

இதை உட்கார்ந்து எண்ணிப் பார்த்த ஊர்களில் ஒன்று, யூட்டா மாநிலத்தின் தலைநகரான சால்ட் லேக் சிட்டி. 1999-ல் அந்த ஊர்ப் போலீஸ் 8,213 அலாரங்களுக்குப் போய் வந்தது. நிஜமாகவே குற்றம் நடந்து வழக்கு எழுத வேண்டியிருந்தது எத்தனை தெரியுமா? 23. ஆயிரம் தடவை ஓடினால் மூன்று கூட இல்லை! பொய் அலாரத்துக்கு அபராதம் போடும் முறை அங்கே முன்பே இருந்தது. கட்டுகிறவர்கள் கட்டிவிட்டு மறுபடியும் அடிக்க விட்டார்கள்.

அதனால் 2000 டிசம்பரில் புதுச் சட்டம் கொண்டுவந்தார்கள். வெறும் அலாரம் அடித்ததற்காக இனிமேல் போலீஸ் வராது. அலாரம் வைத்தவரோ, கம்பெனி அனுப்பும் காவல்காரரோ முதலில் போய்ப் பார்க்க வேண்டும். கதவு உடைந்திருக்கிறது, ஆள் இருக்கிறான் என்று கண்ணால் பார்த்துச் சொன்னால் போலீஸ் வரும். அலாரத்துக்காகப் போலீஸ் போன எண்ணிக்கை சுமார் 90 சதவீதம் குறைந்துவிட்டது. மிச்சமான நேரம் மற்றவர்களுடைய கூப்பாட்டுக்குக் கிடைத்தது.

இந்தச் சட்டத்தில் ஒரு விதிவிலக்கு உண்டு, நம் பெண்கள் கவனிக்க வேண்டியது. ஆபத்தில் இருக்கிற ஆள் தன் கையால் அழுத்துகிற பொத்தான் இருக்கிறதே, அதற்கு இந்தத் தடை கிடையாது. அதை அழுத்தினால் போலீஸ் உடனே வரும். அதாவது மெஷின் தானாகக் கூப்பிடுவது வேறு, மனுஷர் கூப்பிடுவது வேறு என்று பிரித்துவிட்டார்கள். எங்களுக்கு இது படித்ததும் பிடித்துப்போனது. கொட்டகைக்குள் ஒளிந்திருந்த நம் சகோதரியின் போனையும் எலியின் போனையும் ஒரே வரிசையில் நிறுத்தியது எவ்வளவு தப்பு!

பிற்பாடு வேறு ஊர்களும் இதே வழிக்கு வந்தன. மில்வாக்கி 2004-ல், கனடாவின் டொராண்டோ 2018-ல். சியாட்டில் நகரம் 2024 அக்டோபரில் வந்தது. அங்கே 2023-ல் வந்த சுமார் 13,000 அலாரத்தில் நூற்றுக்கு நாலு கூட குற்றமாக இல்லை. இப்போது வீடியோ, உள்ளே பேச்சுச் சத்தம், பார்த்த சாட்சி, ஆள் அழுத்திய பொத்தான், இதில் ஏதாவது ஒன்று வேண்டும் என்கிறார்கள்.

எல்லோரும் ஒத்துக்கொள்ளவில்லை

டெக்சாஸ் மாநிலத்து டல்லாஸ் நகரம் 2006-ல் கடைகளுக்கும் கம்பெனிகளுக்கும் இந்த விதியைப் போட்டது. கடைக்காரர்கள் விடவில்லை. "நாங்களும் வரி கட்டுகிறோம், எங்களுக்கு மட்டும் போலீஸ் இல்லையா? நாங்களே போய்ப் பார்க்கப் போய் கள்ளன் கையில் கத்தி இருந்தால்?" என்று கேட்டார்கள். அடுத்த வருஷமே விதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டோம். ராத்திரியில் தனியாக ஒரு பெண்ணைப் போய்ப் பார்த்துவிட்டு வா என்று அனுப்ப முடியுமா?

அலாரமே வீண் என்றும் நாங்கள் சொல்லவில்லை. வடக்குக் கரோலினா பல்கலைக்கழகத்தின் சார்லட் வளாகத்தில், திருட்டுக் குற்றத்துக்காகச் சிறையில் இருந்த 422 பேரிடம் கேட்டு ஆராய்ச்சி செய்தார்கள். அலாரம் இருக்கிறது என்று தெரிந்தால் வேறு வீட்டைத் தேடிப் போய்விடுவோம் என்று சுமார் 60 சதவீதம் பேர் சொல்லியிருக்கிறார்கள். கவனியுங்கள், அவனைத் தடுப்பது பெரும்பாலும் அந்தச் சத்தமும், யாராவது எட்டிப் பார்த்துவிடுவார்களோ என்கிற பயமும்தான். கள்ளன் பத்து நிமிஷத்தில் வேலையை முடித்துவிடுவான். பதினோரு கிலோமீட்டர் தாண்டி ஜீப் வருவதற்குள் அவன் அடுத்த ஊரில் இருப்பான்.

எங்கள் கருத்தைக் கேட்டால், மெஷின் கூப்பிட்டதற்காக மட்டும் போலீஸ் ஓடி வர வேண்டியதில்லை. ஸ்டேஷனில் இருப்பது ஒரு ஜீப். அது அலாரம் வாங்கக் காசு இல்லாதவருக்கும் சொந்தம். நம் பெட்டி பொய்யாகக் கூப்பிடுகிற ஒவ்வொரு தடவையும் அந்த ஜீப்பை வேறு யாரோ ஒருவரிடமிருந்து வாங்கிக்கொள்கிறோம். யாரிடமிருந்து என்பது நமக்குத் தெரிவதே இல்லை. எங்களுக்குத் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்போது என்ன செய்திருக்கிறோம்

பெட்டியைக் கழற்றிவிடலாம் என்று தலைவி சொன்னார். கழற்றவில்லை. ஸ்டேஷன் நம்பரை மட்டும் எடுத்துவிட்டு, கட்டடத்துக்குப் பக்கத்திலேயே குடியிருக்கும் மூன்று உறுப்பினர்களின் நம்பரைப் போட்டோம். மூன்று பேரும் ஒரே கல்யாணத்துக்கு வெளியூர் போகக் கூடாது என்று சிரித்துக்கொண்டே தீர்மானம் போட்டோம். உண்மையாகவே நோட்டில் எழுதியிருக்கிறது.

அடித்தால் ஒருத்தர் தனியாகப் போவதில்லை. வீட்டு ஆண்களையும் எழுப்பி, நாலைந்து பேராக, சத்தம் கொடுத்துக்கொண்டு, லைட் போட்டுக்கொண்டு போகிறோம். தூரத்திலிருந்துதான் பார்ப்பது. பூட்டு உடைந்திருந்தாலோ, உள்ளே ஆள் நடமாட்டம் தெரிந்தாலோ கிட்டே போகாமல் அங்கேயே நின்று 112-க்குப் போன். "அலாரம் அடிக்குது" என்று சொல்வதில்லை. "பூட்டு உடைஞ்சிருக்கு, உள்ள ஆள் இருக்கு, நாங்க அஞ்சு பேர் ரோட்டுல நிக்கிறோம்" என்று பார்த்ததைச் சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால்தான் எதற்கு முதலில் போவது என்று அவர்களால் முடிவு பண்ண முடியும்.

அலாரத்தை நம்பிப் பீரோவில் ரொக்கம் வைக்கிற பழக்கம் சில இடத்தில் தொடங்கியிருக்கிறது. அது வேண்டாம். சேமிப்பு, கடன் வசூல் எல்லாம் வழக்கம்போல அன்றைக்கே, முடியாவிட்டால் மறுநாளே வங்கிக்குப் போக வேண்டும். குடும்பத்தோடு வெளியூர் போகிறீர்கள் என்றால் ஸ்டேஷனில் சொல்லிவிட்டுப் போகலாம். பூட்டிய வீட்டை ரோந்தில் பார்த்துக்கொள்ளத்தான் தகவல் சொல்லச் சொல்கிறார்கள். அதற்குக் காசு கிடையாது, பெட்டியும் வேண்டாம்.

கை முறிந்த சகோதரி இப்போது நன்றாக இருக்கிறார். கணவன் மேல் கொடுத்த புகார் நடக்கிறது. பெட்டியில் பதிந்திருக்கும் மூன்று நம்பரில் ஒன்று அவருடையது. வழக்கு முடிகிறவரை அம்மா வீட்டில் இருக்கிறார், அது நம் கட்டடத்துக்கு எதிர்த்தெருதான். "நானே பாத்துக்கறேன் மேடம், ஜீப்பை விடுங்க" என்று அவரேதான் கேட்டு வாங்கிக்கொண்டார்.

எலி வந்த ஓட்டையைக் கண்டுபிடித்துவிட்டோம். சுவரும் கூரையும் சேருகிற மூலையில் இருந்தது. இரண்டு சட்டி சிமெண்டில் அடைத்தாயிற்று, செலவு இந்த மாதக் கணக்கில் எழுதியிருக்கிறது.