கணினிக்குப் பாகை தெரியாது

கோபுரத்தின் மேல் ஏறாமலே அதன் உயரத்தைக் கூறிவிடலாம் என்பது பள்ளியிலேயே நாம் கற்ற பாடம். அடியிலிருந்து 50 மீட்டர் தள்ளி நிற்கிறோம். உச்சியின் ஏற்றக் கோணம் 40 பாகை எனக் கொள்வோம். 50-ஐ டேன் 40-ஆல் பெருக்கினால், கண் மட்டத்திற்கு மேல் 41.95 மீட்டர் உயரம். இதையே விரிதாளின் ஒரு கட்டத்தில் =50*டேன்(40) என ஆங்கில எழுத்துகளில் தட்டிப் பாருங்கள். விடை −55.86! கோபுரம் பூமிக்குள் புதைந்துவிட்டது.

கணினிக்குப் பித்துப் பிடிக்கவில்லை. 40-ஐ அது பாகையாகக் கொள்ளாமல் ரேடியனாகக் கொண்டது. வட்டத்தை ஆறு முறைக்கு மேல் சுற்றிவிட்டு வேறெங்கோ போய் நின்றது. ஆரத்தின் நீளமே உள்ள ஒரு வில், வட்ட மையத்தில் தாங்கும் கோணம் ஒரு ரேடியன், ஏறக்குறைய 57.3 பாகை. வட்டத்தை 360 கூறாக்கியது மனிதர் தம் வசதிக்குச் செய்த ஏற்பாடு. ரேடியனோ வட்டத்திலிருந்தே பிறந்த அளவு. கேரளத்துச் சங்கமகிராம மாதவர் 14-ஆம் நூற்றாண்டில் கண்ட சைன் தொடரும் வில்லையும் ஆரத்தையும் கொண்டு அமைந்ததே. கோணத்தை ரேடியனில் எழுதினால்தான் அத்தொடர் எளிய வடிவம் பெறுகிறது. கணினி ரேடியனைப் பற்றிக்கொண்டதில் வியப்பில்லை.

மேலே எதிர்க்குறி வந்ததால் பிழை பிடிபட்டது. அது நம் நல்ல காலம். கோணம் 35 பாகையாக இருந்திருந்தால்? விரிதாள் 23.69 என்று கூறும். சரியான விடை 35.01. இருபத்து மூன்று மீட்டர்க் கோபுரம் ஊருக்கு ஊர் உண்டே! ஐயமின்றிச் செய்முறை ஏட்டில் எழுதிவிடுவோம். நாம் அஞ்ச வேண்டியது இத்தகைய விடைக்குத்தான்.

மாற்று மிக எளிது. =50*டேன்(ரேடியன்ஸ்(35)) என்று எழுதினால் போதும். அல்லது 35-ஐ பை()/180 என்பதால் பெருக்கலாம். பை-யை அடுத்து வெற்று அடைப்புக்குறி கட்டாயம் வேண்டும். புதிய தாளில் வேலை தொடங்குமுன் =சைன்(ரேடியன்ஸ்(30)) என்று தட்டி 0.5 வருகிறதா எனப் பார்த்துக்கொள்வது நல்லது.

உயரமும் தொலைவும் தெரிந்து கோணம் வேண்டுமென்றால் ஏடேன் உண்டு. அதன் விடையும் ரேடியனில்தான் வரும். டிகிரீஸ் என்ற சார்பு அதைப் பாகையாக்கும். ஏடேன்2 என்று இன்னொன்றும் இருக்கிறது. விரிதாளில் அதற்குக் கிடைத்தொலைவை முதலிலும் உயரத்தை அடுத்தும் தர வேண்டும். சி, ஃபோர்ட்ரான் மொழிகளில் இவ்வரிசை தலைகீழ். ஆகவே நிரல் எழுதிப் பழகிய கணினித் துறை நண்பர்களே இங்குச் சற்றுக் கூடுதல் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.